யாழ்நூலும் பாபிலோனியர் நரம்பிசையும்

பண்டைப் பாபிலோனியரின் வரலாற்றைத் தமிழில் எழுதப்புகுவோர் பெரும்பாலும் ஒரு வழியையே மேற்கொள்கின்றனர். யூபிரதீசு, தைகிரீசு ஆறுகளின் வளத்தை முதலிற் புகழ்வர். அமுராபி மன்னனின் சட்டக் கல்லை அடுத்து எடுத்துரைப்பர். ஈற்றில், அந்நாகரிகத்தைத் தோற்றுவித்த சுமேரியர் தமிழரே என்னும் முடிபினை நிலைநாட்டி மகிழ்ச்சியோடு கட்டுரையை நிறைவு செய்வர். இம்முடிபு கேட்போர்க்கு இனிமை தருவதாயினும், ஆராய்ச்சி முறைக்குப் பொருந்துமோ என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. மட்டக்களப்பு நாட்டிற் பிறந்து இசைத்தமிழுக்குப் பெருந்தொண்டாற்றிய விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை, அவர் காலத்திற்குப்பின் படிக்கப்பெற்ற பாபிலோனியக் களிமண் ஏடுகளோடு ஒருங்கு வைத்து நோக்கின், மேற்கூறிய வழியினும் செவ்விய வழியொன்று புலப்படும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிகளும் அவர்தம் நூலும்

காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறினார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த திங்களில், யூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார். தம் நூலுக்கு எழுந்த மறுப்புகளுக்கு விடை கூறவோ, புதிய சான்றுகளால் அதனைத் திருத்தவோ அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. ஆதலின் அக்கடமை பின்வந்தோராகிய நம்மைச் சார்ந்தது.

யாழ்நூலின் சிறப்பு யாது? சிலப்பதிகாரத்திலும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையிலும் சிதறிக்கிடந்த இசைக் குறிப்புகளை ஒரு கணித ஒழுங்கிற்குள் அடக்கிக் காட்டியமையே அதன் சிறப்பு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என 22 மாத்திரை கூறுவது பழைய மரபு. குரலினின்று இளி 13 மாத்திரை தொலைவினது. இளியினின்று மேற்குரல் 9 மாத்திரை தொலைவினது. இவ்வெண்களை வெறும் வாய்பாடாகக் கொள்ளாது, நரம்பின் நீளத்தை அளந்து காணத்தகும் பின்னங்களாக மாற்றிச் சோதித்தவர் அடிகள். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவரிடத்தே அமைந்தமையாற் கிடைத்த பேறு இது.

ஆயினும் ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. அடிகள் கையிலே யாழ் இல்லை. தமிழகத்தில் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்பின் தொகை மட்டும் ஏட்டில் எஞ்சியது. அந்த ஏட்டுக்கு உரை செய்த அடியார்க்குநல்லாரும் இளங்கோவடிகளுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். அவர் கூறும் முறை இளங்கோ காலத்து யாழாசிரியனின் முறைதானா, அன்றி உரையாசிரியர் காலத்து வீணை மரபு யாழின்மேல் ஏற்றப்பட்டதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. ‘இஃது ஏட்டுக் கணக்கேயன்றிக் கைவழக்கன்று’ என ஒருவர் கூறின், அவருக்கு விடை கூறுதல் எளிதன்று. இவ்விடத்தேதான் பாபிலோன் நமக்குத் துணை வருகின்றது.

ஊர் நகரத்துப் புதைகுழிகள்

தென் ஈராக்கில் உள்ள ஊர் என்னும் தொல்நகரத்தை, 1922 முதல் 1934 வரை லெனாட் வூலி என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்தார். ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச புதைகுழிகளில், எருதுத் தலை பொருத்திய நரம்புக் கருவிகள் பல கிடைத்தன. மரம் மக்கி மண்ணாயிற்று. எனினும் அது கிடந்த வெற்றிடத்தில் வூலி சாந்துக் குழம்பை வார்த்து அதன் வடிவை மீட்டார். புவாபி அரசியின் குழியிற் கிடைத்த இரு கருவிகள் முதலில் ஒரே கருவியாக இணைக்கப்பட்டுப் பின்னரே வேறு வேறெனப் பிரிக்கப்பட்டன. கண்ணெதிரே பொருள் கிடந்தும் பேரறிஞர் ஒருவர் வழுவ நேர்ந்தது. பொருளே இல்லாத நிலையில் யாழின் உருவை ஊகித்த அடிகளின் வழுக்களை நாம் பொறுத்து நோக்கல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இக்கருவிகளை ‘ஊர் நகரத்து யாழ்’ எனத் தமிழிற் கூறுதல் வழக்காகிவிட்டது. ஆனால் வடிவிலே அவை பெரும்பாலும் யாழ் அல்ல. யாழ் என்பது வில்லினின்று தோன்றியது. வளைந்த கோடு ஒன்றும், அதனோடு பொருந்திய பத்தரும், அவற்றிடையே கட்டிய நரம்புகளும் அதன் உறுப்புகள். ஊர் நகரத்துக் கருவிகளிற் பலவோ, பத்தரினின்று எழும் இரு கைகளையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டத்தையும் உடையன. நரம்புகள் அச்சட்டத்திற் கட்டப்படுவன. வில்போல் வளைந்த கருவியும் மெசொப்பொத்தேமியாவில் மிகப் பழங்காலத்தே வழங்கியதுண்டு. ஆதலின் ‘அங்கும் யாழ் இருந்தது’ என்பது உண்மை. ‘எருதுத் தலைக் கருவியே நம் யாழ்’ என்பது உண்மையன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் திறனாய்வாளனுக்கு அழகன்று.

களிமண் ஏடு கூறும் இசையிலக்கணம்

கருவியினும் அரியது அதனை இசைகூட்டும் முறையைக் கூறும் எழுத்து. நிப்பூர் நகரத்து ஏடொன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ளது. அதில் எண்கள் இணை இணையாக எழுதப்பட்டிருந்தன. 1960இல் அன் கில்மர் என்னும் அம்மையார் அதனை வெளியிட்ட பின்னர், அவ்வெண்கள் நரம்புகளைக் குறிப்பன என்பது தெளிவாயிற்று. ஊர் நகரத்தில் எடுக்கப்பெற்ற மற்றோர் ஏட்டை 1968இல் கேர்னி என்னும் அறிஞர் வெளியிட்டார். இஃது ஏறக்குறைய கி. மு. 1800ஐச் சார்ந்தது, அமுராபி மன்னனின் காலத்தை ஒட்டியது. யாழ்நூல் அரங்கேறிய 1947இல் இவற்றின் பொருளை உலகில் எவரும் அறியார்.

அவ்வேடுகள் ஒன்பது நரம்புடைய ‘சம்மூ’ என்னும் கருவியைப் பற்றிப் பேசுகின்றன. நரம்புகளின் பெயர்கள் எளிமையும் அழகும் உடையன. முதலாவது முன்நரம்பு, இரண்டாவது அதற்கு அடுத்தது, மூன்றாவது மெல்லிய மூன்றாம் நரம்பு, நான்காவது ஏயா என்னும் தெய்வம் படைத்தது, ஐந்தாவது ஐந்தாம் நரம்பு. அதன்மேல் எண்ணிக்கை திரும்பி, பின்னிருந்து நான்காவது, பின்னிருந்து மூன்றாவது, பின்னிருந்து இரண்டாவது, பின்நரம்பு என முடிகின்றது. எட்டாவதும் ஒன்பதாவதும் முதலாவதையும் இரண்டாவதையும் மேற்றானத்தில் ஒலிப்பன. ஆகவே உண்மையில் உள்ளவை ஏழு நரம்புகளே.

இவ்வேழினின்றும் ஏழு இசைக்கட்டுகள் பிறக்கின்றன. இசார்த்தும், கித்முமும், எம்பூபுமும், பீத்துமும், நீத்-கப்லிமும், நீசு-துக்ரிமும், கப்லீத்துமும் அவற்றின் பெயர்கள். இவை பிறக்கும் முறையை ஏடு ஓர் ஆசான் மாணாக்கனுக்கு உரைப்பது போலக் கூறுகின்றது. கருவி இன்ன கட்டில் நிற்குமாயின், இன்ன இரு நரம்புகளை ஒருங்கே ஒலித்தால் ஒலி தெளிவாக இராது. உரிய நரம்பைச் சிறிது மாற்றுக, ஒலி தெளியும், கருவி அடுத்த கட்டினை அடையும். மாற்றும் நரம்பு முதலாவதாயின் அதனோடு எட்டாவதும், இரண்டாவதாயின் ஒன்பதாவதும் உடன் மாறும். இவ்வாறு ஒவ்வொரு நரம்பாகத் திரித்து ஏழு கட்டுகளையும் சுற்றி வருவது ஒரு முறை. எதிர்த்திசையிற் சுற்றுவது மற்றொரு முறை.

இனி, ஏடு குறிக்கும் முதன்மையான இணைகளை நோக்குக. அவை 1–5, 5–2, 2–6, 6–3, 3–7, 7–4, 4–1 என ஒரு சங்கிலியாகத் தொடர்கின்றன. தமிழிசை மரபிற் கிளை நரம்புகள் என எண்ணப்படுவன எவை? குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்னும் ஐந்து. குரலை முதலாகக் கொண்டு இவற்றுக்கு எண் இடின், 1, 5, 2, 6, 3 என வரும். பாபிலோனிய ஏட்டின் சங்கிலியும் தமிழ்மரபின் கிளை வரிசையும் இவ்வைந்து படியிலும் ஒன்றாகவே நடக்கின்றன. அங்கும் கட்டுகள் ஏழு. இங்கும் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை எனப் பாலைகள் ஏழு. அங்கும் சுற்றும் திசை இரண்டு. இங்கும் வலமுறை, இடமுறை எனத் திரிபு இரண்டு.

வேற்றுமையும் உண்டு

ஒற்றுமையை மட்டும் கூறி வேற்றுமையை விடுத்தல் நடுநிலை ஆகாது. பாபிலோனியர் நரம்பைத் திரித்தனர். தமிழ் மரபோ, நின்ற நரம்புகளை அவ்வாறே வைத்து, துத்தம் குரலாகப் படுமலைப்பாலை, கைக்கிளை குரலாகச் செவ்வழிப்பாலை என முதல் நரம்பை மாற்றிப் பாலைகளைப் பிறப்பிப்பதைச் சிறப்பாகக் கூறும். இசார்த்தும் என்னும் முதற் கட்டில் தெளிவற்று ஒலிக்கும் இணை 5–2 ஆகும். தமிழ் மரபிலோ இளியும் துத்தமும் கிளையாய் இனிது பொருந்துவன. ஆகவே சங்கிலி ஒன்றாயினும் அது முறியும் இடம் வேறு. 22 மாத்திரைக் கணக்குக்கு ஒப்பான ஒன்றும் பாபிலோனிய ஏட்டில் இல்லை. அது இணைகளின் தெளிவைச் செவியால் அறியச் சொல்கின்றதேயன்றி அளவைகளைத் தரவில்லை.

இன்னும் ஒன்று. கேர்னி 1968இல் வெளியிட்டபோது, ஏட்டின் முதற்பகுதி நரம்பைத் தளர்த்துமாறு கூறுவதாகக் கொள்ளப்பட்டது. பின்னர் சிதைந்த சொல்லொன்று வேறாகப் படிக்கப்பட்டு, அது நரம்பை முறுக்குமாறு கூறுவதென்பது தெளிந்தது. அதனால் இசைக்கட்டுகளின் ஏறுநிரலும் இறங்குநிரலும் முற்றும் தலைமாறின. கேர்னி தாமே 1994இல் அத்திருத்தத்தை ஏற்று எழுதினார். முதற்கைச் சான்று கையிலிருந்தும் ஒரு சொல்லால் முழு அமைப்பும் தலைகீழாயிற்று. செம்பாலை இன்றைய எந்த மேளத்துக்கு நிகர் என்பதைப் பற்றி நம்மிடையே நிகழும் வழக்காடல்களில் நாம் எத்துணைப் பணிவு காட்ட வேண்டும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

மொழியால் உறவு நாட்டுதல்

இவ்வொற்றுமையைக் கண்டவுடன் ‘பாபிலோனியர் நம்மவரே’ எனக் கூறத் தோன்றும். அது தவறு என்பதற்குக் காரணம் உண்டு. முதலாவது, பாபிலோனியர் வேறு, சுமேரியர் வேறு. பாபிலோனியர் பேசிய அக்காதிய மொழி, அரபு, எபிரேயம் முதலியவற்றின் குடும்பத்தது. மேற்கூறிய ஐந்தாம் நரம்பின் பெயர் ‘அம்சு’ என்னும் எண்ணடியாகப் பிறந்தது. காத்தான்குடியில் மத்ரசா செல்லும் சிறுவன் அரபில் ஐந்து எண்ணும்போது கூறும் ‘கம்சா’ அதற்கு நெருங்கிய உறவினது. இவ்வுறவை நம் வாவிக் கரையிலேயே செவியாற் கேட்டறியலாம்.

இரண்டாவது, சுமேரிய மொழி. அதனைத் திராவிட மொழியென நாட்ட முயன்றோருள் நம் நாட்டுப் பேராசிரியர் ஆ. சதாசிவம் குறிப்பிடத்தக்கவர். 1965இல் அவர் இப்பொருள்பற்றி ஆங்கிலத்தில் நூல் செய்தார். அவர் முயற்சியின் அருமையை மதித்தல் நம் கடன். எனினும் முடிபை ஏற்றற்குத் தடைகள் பல. சொல்லோடு உருபு ஒட்டிவரும் இயல்பு இரு மொழிக்கும் பொதுவெனினும், துருக்கியம், சப்பானியம் முதலிய மொழிகளுக்கும் அது பொதுவே. தமிழ் வினை தன் உருபுகளைப் பின்னே பெறும். சுமேரிய வினையோ முன்னொட்டுகளின் நெடுந்தொடரை முன்னே பெறும். எண்ணுப் பெயர்கள் எளிதில் மாறாதன என்பர். சுமேரியர் ஒன்று முதல் ஐந்து வரை ‘திசு, மின், எசு, லிம்மு, இயா’ என எண்ணினர். நம் எண்களோடு இவற்றை ஒட்டவைத்தல் அரிது. ஊர் என்னும் நகரப்பெயர் நம் ‘ஊர்’ என்னும் சொல்லே என்பது பலர் விரும்பிக் கூறும் சான்று. ஆயின் அந்நகரின் சுமேரியப் பெயர் ‘ஊரிம்’ என ஈற்றில் மகரம் பெற்று நிற்பது.

மூன்றாவதாக ஒரு சிறு முத்திரை உண்டு. பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அதன் உரிமையாளன் சூ-இலிசு என்பான். ‘மெலுக்கா மொழிபெயர்ப்பாளன்’ என்பது அவன் பட்டம். மெலுக்கா என்பது சிந்துவெளி நாடு என்பது அறிஞர் பலர் துணிபு. அந்நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றன என அக்காதிய மன்னன் சார்கோன் பெருமை பேசுகிறான். சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசினர் என்று கொள்வோமாயின், அவர் பேச்சை அறியச் சுமேரிய நாட்டில் மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தது என்பதையும் உடன் கொள்ளல் வேண்டும். இரு சாராரும் ஒரு மொழியினராயின் இடையில் மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை ஏது? இம்முத்திரை உறவைக் காட்டுகின்றது, ஒருமையைக் காட்டவில்லை. இருவரிடையே கடல்வழி வாணிகம் நடந்தது என்பதே அதனாற் பெறப்படும். பாலி மொழியின் பாவேரு சாதகக் கதை, வணிகர் மயிலைப் பாவேருவுக்குக் கொண்டுசென்றமையைக் கூறுகின்றது. பாவேரு என்பது பாபிலோனே. வாணிகர் மயிலையும் மணியையும் கொண்டுசென்றனர் என்பதனால் இனம் ஒன்றாகிவிடாது.

ஒப்புமையின் உண்மைப் பயன்

அங்ஙனமாயின் இசைமுறையின் ஒற்றுமை எதனால் வந்தது? நரம்பின் இயல்பால் வந்தது. முறுக்கிய நரம்புகளில் ஐந்தாவதும் நான்காவதும் இனிது பொருந்தும் என்பது இயற்கை நியதி. அந்நியதியைச் செவியால் உணர்ந்து, ஒரு நரம்பினின்று மற்றொன்றைக் கூட்டிச் செல்லும் எந்த மக்களும் ஏழு நரம்பிற்கு இச்சங்கிலியையே அடைவர். ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைப்போர் எந்நாட்டிலும் வரம்பும் வாய்க்காலும் அமைத்தல் போல்வது இது. வரம்பு இருப்பதைக் கண்டு மட்டக்களப்பு உழவரும் பாபிலோனிய உழவரும் ஒரு குடியினர் என்பார் யார்?

இதனால் யாழ்நூலின் மதிப்புக் குறையுமோ எனின், குறையாது, உயரும். ‘பாலைத் திரிபு ஏட்டுக் கணக்கே’ என்னும் ஐயத்துக்கு இப்போது விடை கூறலாம். தமிழகத்தினின்றும் நெடுந்தொலைவில், சிலப்பதிகாரத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத முற்காலத்தில், கருவியைக் கையில் ஏந்திய இசையாளர் இதற்கு ஒத்த முறையொன்றால் ஏழு கட்டுகளை உண்மையாகவே பிறப்பித்து வாசித்தனர். எனவே ஏழு நரம்பினின்று ஏழு பாலை பிறக்கும் என்பது கைவழக்கிற்கு இயன்ற ஒன்றே. அடிகள் கணிதத்தாற் கண்டது கைவிரலாற் செய்யத்தக்கது என்பது தெளிவாயிற்று. இளங்கோ காலத்து யாழாசிரியன் அவ்வாறே செய்தான் என்பது இதனால் முற்றும் நாட்டப்படவில்லை. ஆயினும் செய்திருக்கக்கூடும் என்பது நாட்டப்பட்டது. பிறப்புறவு தேடியோருக்கு ஒரு பெருமை வாய்த்திருக்கலாம். முறையுறவு தேடிய நமக்குச் சான்று ஒன்று கிடைத்துள்ளது.

இன்று செய்யத்தக்கது யாது? பாபிலோனிய ஏட்டைப் படித்த மேனாட்டார் அதனோடு அமையவில்லை. கருவியை மீண்டும் செய்து நரம்பு கட்டி ஒலித்துப் பார்த்தனர். சிரியாவின் உகாரித்தில் கிடைத்த, கி. மு. 1400ஐ ஒட்டிய பாடலொன்றையும் அம்முறையால் இசைத்துக் காட்டினர். நம்மிடத்தோ யாழ்நூல் போற்றப்படும் அளவுக்குச் சோதிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் அடிகளின் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். அவர் தந்த பின்னங்களை நரம்பிலே அளந்து பார்க்கும் மாணவர் எத்தனை பேர்? கல்லடியில் அடிகள் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் ஒன்று விளங்குகின்றது. அங்கே இசை பயில்வோரும், நம் கல்லூரிகளிற் பௌதிகம் பயில்வோரும் ஒன்றுகூடி, வில்யாழ் ஒன்றினை அமைத்து, ஏழு பாலையையும் வலமுறையாகவும் இடமுறையாகவும் கூட்டி, எங்கே ஒலி தெளிகின்றது, எங்கே முறிகின்றது எனக் குறித்து வெளியிடின், அதுவே அடிகளுக்குச் செய்யும் உண்மை வழிபாடாகும்.

2003இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, வூலி மீட்ட பொற்கருவி அங்கே சிதைவுற்றது. அதன் பொன்னெருதுத் தலை வேறிடத்திற் பாதுகாப்பாக இருந்தமையால் தப்பியது. கருவிகள் அழியும், அவற்றைக் கூட்டும் முறை எழுதி வைக்கப்படின் அழியாது. களிமண்ணில் ஆப்பு வடிவாக எழுதிய அப்பெயரறியா ஆசானும், தம் வாழ்நாளின் இறுதிக் காலத்தில் தம் நூலை அரங்கேறக் கண்ட நம் அடிகளும் இவ்வொன்றில் ஒத்தவர். மட்டக்களப்பு வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பித்துப் பாடிய அடிகள், கற்பனையைப் பாட்டில் வைத்தார். ஆராய்ச்சியில் அளவைகளையே வைத்தார். இரண்டையும் அவர் வைத்த இடத்திலேயே வைத்துப் போற்றுதல் அவர் வழிவந்த மாணாக்கராகிய நமக்குத் தகும்.